அணையடி ஊற்று

அந்த அணையை யாரும் எங்களுக்காகக் கட்டவில்லை. மண்ணுக்காகக் கட்டினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னாளில் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, "உங்களுக்கு அணையெல்லாம் கட்டிக் குடுத்திருந்தாங்களாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது எனக்கு வயிறு எரியும்.

மலாயாவில், ஜொகூர்ச் சீமையில், லாபிஸுக்கும் சாஆவுக்கும் நடுவில், மேடும் பள்ளமுமாகக் கிடந்த ரப்பர்க் காடு அது. ரப்பர் விலை விழுவதற்கு முந்திய வருஷங்கள். மரத்தடியில் ஒரு புல் தலைகாட்டினாலும் துரைக்குப் பொறுக்காது. களைவெட்டும் பெண்கள் தரையை மொட்டைத்தலை மாதிரி வழித்து வைக்க வேண்டும். நானும் வழித்தவள்தான். ஜொகூர் மழை கொட்ட ஆரம்பித்தால் புல் இல்லாத மேட்டில் மண் நிற்குமா? சிவப்புக் குழம்பாக ஓடி, சுங்கை என்று மலாய்க்காரர்கள் சொல்லும் ஆற்றில் போய் விழுந்தது. மரங்களின் வேரெல்லாம் வெளியே வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் துரைக்கு மண்மீது பாசம் பிறந்தது. புல்லை அதன் பாட்டுக்கு விட்டிருந்தால் பாதி தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல், இரண்டு மேடுகளுக்கு நடுவே குறுக்காக ஒரு மண்ணணை கட்டி, ஓடி வரும் சேற்றை அங்கேயே படிய வைப்பது என்று முடிவு செய்தார்கள். அணைக்கு நேர் கீழே, பள்ளத்தில், கூலிகளின் வீட்டு வரிசையான எங்கள் லயம் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

என் மகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் எனக்கு அவளுக்கு முன்னால் இரண்டு ஆண்பிள்ளைகள். எங்களுடையது இராமநாதபுரத்துச் சீமை, வானம் பார்த்த பூமி. ஒரு கோடையில் கண்மாய் வற்றி, நடுவில் தேங்கிய கலங்கல் தண்ணீரைத்தான் மனிதரும் குடித்தார்கள், மாடும் குடித்தது. வாந்திபேதி வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பையன்களையும் கொண்டுபோய்விட்டது. இவள் அப்போது தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. அதனால் தப்பித்தாள். இவளையாவது உயிரோடு வளர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் வீட்டுக்காரரோடு கப்பலேறினேன். மற்றவர்கள் கூலிக்கும் நகைக்கும் ஆசைப்பட்டு வந்திருக்கலாம். "அந்த ஊருல தண்ணிக்குப் பஞ்சமே கெடையாது" என்று ஆள்கட்ட வந்த கங்காணி சொன்னார். அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

ஆனால் என்ன தண்ணீர்! லயத்துக் குழாயில் சுங்கைத் தண்ணீர்தான் வரும். மழைக்காலத்தில் அதுவும் செம்மண் நிறமாக வரும். சூடுபட்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். நானும் கலங்கல் தண்ணீரை அப்படியே வீட்டுக்குள் விடுவதில்லை. ஊரிலிருந்து முடிந்து கொண்டுவந்த தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்து, மண் அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேல்தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் அவளுக்குக் கொடுப்பேன். "ராணி மவ, தண்ணிய வைத்தியம் பண்ணித்தான் குடிப்பா" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கேலி எந்த மூலைக்கு?

அணை வேலை ஆரம்பித்ததும் எல்லாரையும் மண் சுமக்க விட்டார்கள். ஆண்கள் சாங்கோல் மண்வெட்டியால் வெட்டிப் போட, பெண்கள் கூடையில் சுமந்தோம். என் வீட்டுக்காரர் பரம்பரை நீர்ப்பாய்ச்சி. ஊர்க் கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் கரையில் எலிவளை பார்ப்பதும் அவர் குடும்பத்துக்கு வாய்த்த வேலை. வேலை முடிந்ததும் கங்காணி துரையிடம் சொல்லி அவரையே அணைக்குக் காவலாக்கினார். சின்னத்துரை இங்கிலீஷில் சொன்னதைக் கணக்கெழுதும் கிராணி தமிழில் எடுத்துச் சொன்னார். நானும் கூட நின்று கேட்டேன்.

"மண்ணுக் கரைன்னா அடியில கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக் கசிஞ்சா பயம் இல்ல. கலங்கி வந்துச்சுன்னா உள்ள மண்ணு அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்பறம் கரை நிக்காது. ஒடனே கட்டித் தொங்குற தண்டவாளத்தத் தட்டிடு, லயத்துச் சனங்க மேட்டுக்கு ஓடிரணும். அடிவாரத்துல புல்லு பூண்டு ஒண்ணும் மண்ட விடாத. தண்ணி நெறம் பளிச்சுனு தெரியணும்."

என் வீட்டுக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் காலையிலும் சாயங்காலமும் கரையின் அடிவாரத்துக்குப் போய் குந்தி உட்கார்ந்து, கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. புல் ஒரு விரல் உயரம் வளர்ந்தால் செதுக்கிவிடுவார். மேலே கவிந்திருந்த காட்டுச்செடிகளையும் வெட்டினார். அந்த இடம் முழுக்க வெயில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன், "எப்பிடி இருக்கு?"

"தெளிவாத்தான் வருது."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்மாய்த் தண்ணீரைக் குளிக்கவும் மாடு கழுவவும் வைத்துக்கொள்வார்கள். குடிக்கிற தண்ணீரைக் கரைக்கு வெளியே, அடிவாரத்தில் ஊற்றுத் தோண்டித்தான் எடுப்பார்கள். அத்தனை பெரிய கரை வடிகட்டித் தருகிற தண்ணீர் அது. அதற்கு இணையாக இளநீரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆகவே, அணையின் அடியில் தண்ணீர் கசிகிறது என்று தெரிந்ததுமே லயத்துப் பெண்கள் தோண்டுகரண்டியும் கொட்டாங்கச்சியுமாகப் போய்விட்டார்கள். தோண்டி, கலங்கலை வழியவிட்டு, கல் அடுக்கி, மணல் கொட்டி, இடுப்புக்குடம் முங்குகிற அளவில் ஒரு ஊற்றுக்குழி தயாராகிவிட்டது. அதைச் சுற்றி இன்னும் சில சின்னக் குழிகள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் கிடக்கும் மணலை எண்ணலாம். கரையை நோண்டக்கூடாதே என்று என் வீட்டுக்காரர் முதலில் முனகினார். பிறகு அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. குழியில் தேங்கி நின்றால் தெளிவா கலங்கலா என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமே.

நான் தேத்தாங்கொட்டையை மூட்டைகட்டி வைத்தேன். கப்பலேறிய பிறகு முதல்முறையாக என் மகள் நேராகக் குடத்திலிருந்து மொண்டு குடித்தாள். அவளுக்கென்று ஒரு சின்னக் கொட்டாங்கச்சி வைத்திருந்தாள். வேறு யாரும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் ஊற்றுக்கல்லில் மஞ்சள் பூசி ஒரு செம்பருத்திப் பூ வைப்பார்கள். அங்கே யாரும் செருப்போடு போவதில்லை.

தோட்டத்தில் சாக்கடைகளுக்கும் ஓடைகளுக்கும் எண்ணெய் தெளிக்க ஒரு ஆள் இருந்தார். முதுகில் தகர டின்னோடு வருவார். கொசுவுக்காகத் தெளிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கொசு அழுக்குத் தண்ணீரில்தான் இருக்கும் என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவர் ஒருநாள் ஊற்றுப் பக்கம் வந்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அலமாக்! குடிக்கிற தண்ணியா, சாக்கடையாய்யா இது? ஒன் வீட்டு ஒலையில மண்ணெண்ண ஊத்துவியா?"

"எனக்கு என்னம்மா வந்துச்சு? ஓடையில ஊத்தச் சொன்னாங்க, ஊத்துறேன். ஊத்துல ஊத்தச் சொல்லல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் திரும்பித்தான் போயிருப்பார்கள்.

எனக்குத் தண்ணீர்ப் பயம் போனது, அணைப் பயம் வந்தது. லயத்து வாசலில் நின்று பார்த்தால் தலைக்குமேல் கரை. அதற்குப் பின்னால் தண்ணீரும் சேறும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தன. உடைந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது எங்கள் வரிசையைத்தான். கரையின் ஒரு முனையில், மேட்டுத் தோளில், சாங்கோலும் கூடையும் போட்டு வைக்கிற ஒரு குடிசை இருந்தது. ஊற்றுக்கு நேர் மேலே, கூப்பிடு தூரம். என் மகளை அங்கே குடியேற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். கங்காணியின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"கங்காணியாரே, அணைக் காவலுக்கு இருக்கிற ஆளு அணைக்குப் பக்கத்துல இருக்க வேணாமா? மழை புடிச்சா லயத்துலேருந்து இவரு ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"அந்தக் குடிசையில மனுசன் இருக்க முடியாதும்மா. ஒழுகும்."

"ஒழுகுனா சட்டி வச்சுக்கிறேன். கரை ஒடைஞ்சா எந்தச் சட்டிய வைக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். சின்னத்துரையிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். லயத்தில் எல்லாருக்கும் பொறாமை. "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்றார்கள். நான் அதை மறுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அணை உடைந்து உலகமே போனாலும் என் பிள்ளை மேட்டில் இருப்பாள். ஊற்றுத் தண்ணீரும் காலடியில். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

மார்கழி மழை வந்தது. காட்டில் வேலை இல்லை. விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் என் வீட்டுக்காரர் அடிவாரத்திலிருந்து ஓடி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "கலங்கல்" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார். தண்டவாளத்தைத் தட்டினார். லயமே அலறிக்கொண்டு மேடேறியது. சோற்றுப் பானையோடு ஒருத்தி, கோழிக்கூண்டோடு ஒருத்தி, பிரசவமாகிச் சில நாளே ஆன ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தார்கள். எல்லாரும் என் குடிசைக்குள்ளும் அதன் தாழ்வாரத்திலும் அடைந்துகொண்டார்கள். என் மகள் என் மடியில் உட்கார்ந்து, ஏதோ திருவிழாவுக்குக் கூட்டம் வந்துவிட்டது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தேன். வாழ்நாளில் நான் அத்தனை தெம்பாக இருந்ததில்லை. மற்ற தாய்மார்கள் நடுங்கினார்கள், நான் நடுங்கவில்லை.

கரை உடையவில்லை. பக்கத்து ஓடைமேட்டில் மண் சரிந்து ஊற்றுக்குள் விழுந்ததால்தான் கலங்கியிருக்கிறது. இருட்டுவதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆண்கள் சுருட்டுப் பற்றவைத்தார்கள். மறுநாள் பெண்கள் ஊற்றைச் சேறெடுத்துச் சுத்தம் செய்து, புதிதாக மணல் போட்டு, தேங்காய் உடைத்தார்கள். சின்னத்துரை வந்து என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மழை விட்டு வெயில் வந்தது. வெயிலோடு காய்ச்சலும் வந்தது.

தோட்டத்தில் காய்ச்சல் புதிதில்லை. யாராவது ஒருவர் எப்போதும் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், கொய்னா மாத்திரை தின்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். ஆனால் இந்தமுறை அது லயத்தின் கீழ்க்கோடியில் ஆரம்பிக்கவில்லை. எங்கள் குடிசையில் ஆரம்பித்தது. என் மகளுக்கு முதலில் குளிர் வந்தது. பல் தந்தியடித்தது. இருக்கிற துணியையெல்லாம் போர்த்தியும் போதவில்லை. பிறகு உடம்பு தீயாய்க் கொதித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வந்தது, பிறகு இடைவெளியே இல்லாமல் அடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் என்று பெயர். அவர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எங்க இருக்கிறியள்?"

"அணை மேட்டுல, ஐயா. காவக் குடிசையில."

"கிட்டத் தண்ணி ஏதும் நிக்குதோ?"

"அழுக்குத் தண்ணி ஒண்ணும் இல்லங்க. ஊத்துத் தண்ணிதான். கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாயை மேசைமேல் வைத்துவிட்டார். "வெயில் படுற இடமோ?"

"ஆமாங்க. புல்லு பூண்டு இல்லாம அவரு சுத்தமா வச்சிருக்காரு."

"இந்தக் காய்ச்சல் நுளம்பு ஊத்தைத் தண்ணியில முட்டை இடாது, அம்மா. வெயில் படுற தெளிஞ்ச தண்ணியிலதான் இடும். கிட்ட இருக்கிற வீட்டைத்தான் முதல்ல தேடி வரும்."

நுளம்பு என்றால் கொசு, ஊத்தை என்றால் அழுக்கு என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். டிரெஸ்ஸர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கலங்கல் தண்ணீர் என் பையன்களைக் கொன்றது. தெளிந்த தண்ணீரைத் தேடிக் கடல் தாண்டி வந்து, அதன் பக்கத்திலேயே போராடி இடம் பிடித்து, கடைசிப் பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே படுக்கவைத்திருக்கிறோம். இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது? எனக்கு அன்று தெரிந்துவிட்டது, எங்களைப் போன்றவர்களுக்குத் தப்பிக்கிற வழி என்று ஒன்றை ஆண்டவன் வைக்கவே இல்லை.

டிரெஸ்ஸர் சும்மா இருக்கவில்லை. கல்லும் தழையும் போட்டு அந்தக் கசிவை மூடிவிடுங்கள், வெயில் படக்கூடாது என்று துரையிடம் போய்ச் சொன்னார். சின்னத்துரை முடியாது என்றாராம். மூடிவிட்டால் தண்ணீர் கலங்குவது தெரியாது, ஒருநாள் அணை சொல்லாமல் உடைந்து லயத்தையே கொண்டுபோய்விடும் என்றாராம். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் என் மகள் கட்டிலில் கிடந்தாள். லயத்தை வேறு மேட்டுக்கு மாற்றலாம், அணையையே வெட்டிவிடலாம் என்றெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. மண் போய்விடுமே! கடைசியில், ஊற்றில் எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இந்த விவரமெல்லாம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. டிரெஸ்ஸர் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை; அவர் கையால் செதுக்கிச் சுத்தமாக வைத்த இடமாயிற்றே. தோட்டம் முழுவதும் ஊற்றுகிற எண்ணெயை இங்கேயும் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். காலையும் மாலையும் அணையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்து ஆஸ்பத்திரிக்கு வருவார்.

கடைசி நாளன்று மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரித் தண்ணீரைக் கொடுத்தால் துப்பினாள். "ஊத்துத் தண்ணி, ஊத்துத் தண்ணி" என்று முனகிக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து ஓடினார். எண்ணெயை ஒதுக்கி, அடியிலிருந்து செம்பு நிறைய மொண்டுகொண்டு, சிந்தாமல், வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவளுடைய கொட்டாங்கச்சியையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். அதில் ஊற்றி வாயருகே கொண்டுபோனார். அவள் ஒரு வாய் வாங்கினாள். எண்ணெய் நாற்றம். முகத்தைச் சுளித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எந்தப் பாவி இதுல ஊத்தச் சொன்னான்? நல்ல தண்ணியாச்சே, நல்ல தண்ணியாச்சே" என்று அவர் வாயில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையிலிருந்த கொட்டாங்கச்சியை வாங்கி வைத்தேன். பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை மேட்டுக்காட்டில், ரப்பர் மர வரிசை முடிகிற இடத்தில் புதைத்தோம். அங்கேயும் புல்லை வழித்திருந்தார்கள். மழை வந்தால் ஓடிவிடுமே என்று நான் குழிமேட்டைச் சுற்றிக் கல் அடுக்கினேன். அடுக்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் குடிசைக்குத் திரும்பி, தலைமுழுகி, ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது கங்காணி குடை பிடித்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். துக்கம் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாது. மழை வலுக்குது. லயத்துல எல்லாம் பயப்படுறாங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருப்பா."

என் வீட்டுக்காரர் எழுந்து போனார். குடிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது. அதே இடத்தில் குந்தி உட்கார்ந்தார். எண்ணெயை விரலால் விலக்கிவிட்டு, தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு, பழக்கம்தானே, கல் இடுக்கில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி எறிந்தார்.

திரும்பி வந்து கங்காணியிடம் அவர் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். அன்றைக்கு என்னிடம் சொல்ல அவரிடம் வேறு நல்ல செய்தி எதுவும் இருக்கவில்லை.

"தெளிவாத்தான் வருது, புள்ள."